ஒரு முறம் தவிடு

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் சவுரிராயனும் அவர் மகள் அம்மணியும் பேர் பொறுக்கக் கிளம்பிவிடுவார்கள். விழுப்புரம் ரயிலடிக்குத் தெற்கே இருந்த சேரியில் அதற்கு அப்படித்தான் பெயர். மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கி முடிந்த கொல்லையில் விட்டுப்போன காயைப் பொறுக்குகிற மாதிரி, செத்துப்போனவர்களின் பெயர்களை அப்பனும் மகளும் ஊர் ஊராய்ப் போய்ப் பொறுக்கி வருகிறார்கள் என்று கேலி.

"இன்னா மாமா, இந்த வாரம் எந்த ராசா வூட்டுக்கு?" என்பாள் எதிர்க் குடிசை முனியம்மாள்.

"ராசா வூட்டுக்கு இல்ல முனிம்மா. எங்கப்பனுக்குத் தாய்மாமன் முறை ஆவுறவரு ஒருத்தரு கண்டமங்கலத்தாண்ட இருக்குறாராம். இன்னும் உசுரோட இருக்குறாராம்."

"இருந்து இன்னா குடுக்கப் போறாரு?"

"பேரு குடுப்பாரு" என்று சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தின காலம். சவுரிராயன் ரயில்வேயில் கேங்குமேன். சுத்தியலும் கடப்பாரையுமாக வெயிலில் தண்டவாளத்தைப் பார்த்தே குனிந்து நடந்து, நிமிர்ந்தாலும் முதுகு முழுசாக நிமிராத ஆளாகிவிட்டார். அம்மணிக்கு அவர் ஒருத்தர்தான். கட்டிக்கொண்டவன் கோலார் தங்கவயலுக்குப் போய் அங்கே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் ரயிலடிக்குப் பக்கத்தில் மல்லாட்டைக் கிடங்கில் முறத்தோடு உட்கார்ந்து பருப்புப் பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இந்தப் பழக்கம் தொடங்கியது அம்மணியின் தாய் பொன்னி செத்த வருஷம். கல்லறைத் திருநாளன்று கோயில்பிள்ளை ஒவ்வொரு குடும்பமாக முன்னோர் பெயர்களைச் சொல்லச் சொல்லி, வேண்டுதலில் சேர்த்துக்கொண்டு வந்தார். சவுரிராயன் பெண்சாதி பெயரைச் சொன்னார், தாய் மதலையம்மாள் என்றார், தகப்பன் அந்தோணி என்றார். அதோடு நின்றுவிட்டார். கோயில்பிள்ளை கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னார்:

"எனக்கு மேல ரெண்டு பேருதாம்மா தெரியுது. அதுக்கு மேல யாரு இருந்தா, இன்னா தின்னா, எங்க செத்தா, ஒண்ணும் தெரில. ஆட்டுக்குட்டிக்குக்கூட எந்த ஆட்டுக்குப் பொறந்துதுன்னு சொல்லிடுறாங்க."

"கேட்டா தெரிஞ்சுட்டுப் போவுது. வா, கேக்கலாம்" என்றாள் அம்மணி.

கேட்பதில் அவளுக்கு ஒரு கைவாகு இருந்தது. போன இடத்தில் நேராகப் பெயரைக் கேட்கமாட்டாள். கீரை ஆய்கிற இடமானால் அவளும் உட்கார்ந்து ஆய்வாள். மூட்டுவலியைக் கேட்பாள், மருமகள் கொடுமையைக் கேட்பாள். பேச்சு தானாகப் பழைய காலத்துக்குப் போகும்போது ஒரு பெயரை லேசாகப் போடுவாள். எதிரே இருப்பவர் வாயிலிருந்து நாலு பெயர் விழும். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. திரும்பி நடந்து வருகிற வழியெல்லாம் அப்பன் சொல்ல மகள் சொல்ல, பெயர்கள் மனசில் பதிந்துவிடும். மறுநாள் கிடங்கில் முறத்தைப் புடைத்துக்கொண்டே அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். பொன்னி போனபின் பேச ஒன்றுமில்லாமல் கிடந்த வீட்டில் மறுபடி பேச்சு வந்தது. அந்த நாட்களில் தன் அப்பனைப்போல ஒரு சிநேகிதன் தனக்கு இல்லை என்று அம்மணி நினைத்ததுண்டு.

ஒரு புரட்டாசி சாயங்காலம், மழை கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கேப்பங்களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றுகொண்டே சவுரிராயன் சொன்னார்:

"எங்கம்மாவுக்கு ஒரு வழக்கம். மதுராந்தகம் பக்கம் சொந்தத்தைப் பாக்க ரயில்ல போவோம். ஒலக்கூர் டேசன்ல வண்டி நின்னா முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கும். வண்டி கெளம்பி ரொம்ப தூரம் போனப்புறந்தான் எடுக்கும். ஏம்மான்னு கேட்டா, கரி கண்ணுல வியுதுடான்னும்."

அம்மணி களி உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தாள். "மத்த டேசன்ல மூடாதா?"

"மூடாது."

"தாது வருசப் பஞ்சத்துல உங்கம்மாவும் அப்பாவும் மதுராந்தகத்துலேர்ந்து திண்டிவனம் கஞ்சித் தொட்டிக்கு நடந்தே வந்தாங்கன்னு சொன்னியே. ஒலக்கூர் வழியாத்தானே வந்திருப்பாங்க? அங்க இன்னாமோ நடந்துகீது யப்பா. போயி கேப்போம்."

சவுரிராயன் கையைக் கழுவப் போனவர் திரும்பினார். "வேணாம்மா. அது மூடி வெச்சது. நம்ம ஏன் தொறக்கணும்?"

"இவ்ளோ தூரம் வந்துட்டு நடுவுல ஒரு ஓட்டைய வெச்சுக்கினு இருக்குறதா? உனுக்குத் தெரிஞ்சுக்க வேணாமா?"

அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்தான். ஆனாலும் அந்த மழையில் அவர் இரண்டு தரம் வேண்டாம் என்று சொன்னார் என்பதும், அவள்தான் விடவில்லை என்பதும் பின்னால் அம்மணிக்கு மறக்கவே இல்லை.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்வே பாசில் ஒலக்கூரில் இறங்கினார்கள். ஏரியை ஒட்டின சேரிக்குப் போகிற பாதை சேறாகக் கிடந்தது. பிடுங்கின மல்லாட்டைச் செடிகளைப் புளியமரத்தடியில் குவித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஈர மண் வாசனையும் பச்சைக் காய் வாசனையும் கலந்து வந்தது. மரத்து வேரில் கண் மங்கின கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விருத்தாசலம் என்று பெயர்.

அம்மணி கேட்காமலே ஒரு செடிக்கட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஆயத் தொடங்கினாள். எந்த ஊர், என்ன ஜனம் என்று விசாரிப்பு நடந்தது. மழை, கூலி, காய் இந்த வருஷம் பொக்கை என்று பேச்சுப் போயிற்று. அப்புறம் மெதுவாகப் பஞ்சத்துக்கு வந்தாள்.

"தாத்தா, தாது வருசத்துல வடக்கேருந்து சனம் இப்பிடித்தான் போச்சாமே?"

விருத்தாசலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரும் அவரிடம் ஒன்றும் கேட்டு வெகு நாளாகியிருக்கும்.

"எனக்கு அப்ப நல்லா வெவரம் தெரிஞ்ச வயசு. தோ, இந்த ஏரிக்கரை மேலதான் எறும்பு மாதிரி போய்க்கினே இருக்கும். உழுந்தவன் உழுந்தான், போறவன் போனான். ஒரு ஆம்பளயும் பொம்பளயும் ஒரு பொட்டப் புள்ளயத் தூக்கிக்கினு வந்தாங்க. புள்ளைக்கு வவுறு பானை, காலு குச்சி. எங்க குப்பன் வூட்டுல பொறந்தது பொறந்தது செத்துக்கினே இருந்துது. குப்பன் பொண்டாட்டி ஒரு முறம் தவிட்டை எடுத்தாந்து அந்தப் பொம்பள மடியில கொட்டிட்டுப் புள்ளய வாங்கிக்கினா. அந்தப் பொம்பள அழுவல. குந்திக்கினு தவிட்டை அள்ளி அள்ளி வாயில போட்டுக்கினா. புருசன் மதலே, மதலேன்னு கூப்புட்டு இழுக்கறான், எழுந்துக்க மாட்டேங்கறா. அதான் எனக்கு மறக்கல."

மதலை என்பது சவுரிராயனுடைய தாயின் பழைய பெயர். கிறிஸ்துவ மார்க்கத்துக்கு வந்தபோது 'மதலை'யோடு சேர்த்துத்தான் சாமியார் மதலையம்மாள் என்று பெயர் வைத்தார் என்பது அவர்கள் ஏற்கெனவே பொறுக்கி வைத்திருந்த சங்கதி.

அம்மணிக்கு அந்த நிமிஷத்தில் வந்தது சந்தோஷம். தான் தேடினது கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம். சுற்றிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"அந்தப் புள்ள இன்னா ஆச்சு தாத்தா?"

"இருக்குதே! நம்ம கெங்காதான் அது. குப்பன் பேரன் மண்ணாங்கட்டிக்கு அத்தக்காரி..." சொல்லிவிட்டுக் கிழவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

காய் ஆய்ந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. வட்டத்தில் நடுவயசுக்காரி ஒருத்தி மடியில் இருந்த செடியைக் கீழே போட்டாள். அவள்தான் மண்ணாங்கட்டியின் பெண்சாதி பாஞ்சாலி.

"இன்னா சொன்ன? தவிட்டுக்கு வாங்குனதா? இம்மா வருசமா இந்த வூட்டுல பொறந்தவன்னு சொல்லிக்கினு என் தலமேல குந்திக்கினுகீதே, அதுவா?"

"கெழவன் ஒளர்றேன், உடு" என்றார் விருத்தாசலம். பாஞ்சாலி எழுந்து போய்விட்டாள்.

கெங்கம்மாள் அப்போதுதான் தலைச்சுமையாகச் செடிக்கட்டு கொண்டுவந்தாள். அறுபதைத் தாண்டின உடம்பு. இடது காலைக் கொஞ்சம் வீசி நடந்தாள். சவுரிராயன் அந்த நடையைப் பார்த்தார். அவர் தாய் கடைசிவரை அப்படித்தான் நடந்தாள். சேற்றில் மண்டியிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் உன் தம்பி" என்றார்.

"யாருய்யா இது, குடிச்சிருக்கியா?" என்று அவள் பின்வாங்கினாள். யார் யாரோ சொன்னார்கள். கேட்டுக்கொண்டே சுமையை இறக்காமல் நின்றாள். கடைசியில் அம்மணிதான் கையைக் கொடுத்து இறக்கினாள்.

"எங்கம்மா செத்து இருவது வருசத்துக்கு மேல ஆவுது" என்றாள் கெங்கம்மாள். "அவ மடியிலதான் நான் பால் குடிச்சேன். இப்ப அவ என் அம்மா இல்லேன்னு சொல்றதுக்கா ரயிலேறி வந்தீங்க?"

சவுரிராயன் சேற்றிலேயே மண்டியிட்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு, "எழுந்திரு. சேத்துல குந்தாத. கூழு இருக்குது, குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்றிலிருந்து சவுரிராயன் பாதி அழுகையும் பாதி சந்தோஷமுமாக இருந்தார். "அந்தத் தவிட்டைத் தின்னுதாம்மா எங்கம்மா திண்டிவனம் வந்து சேந்துது. சேந்ததாலதான் நான் பொறந்தேன். எங்கக்காவ வித்த தவிட்டுல பொறந்த உடம்பு இது" என்று மாரைத் தொட்டுக் காட்டுவார். அடுத்த பேச்சில், தை மாதம் அக்காளுக்குச் சேலை எடுக்கவேண்டும் என்பார்.

தையில் அதற்கு ஒரு சாக்கும் கிடைத்தது. மண்ணாங்கட்டியின் பெண் சமைந்திருக்கிறாள், மஞ்சள்நீர் வைத்திருக்கிறார்கள் என்று ஒலக்கூரிலிருந்து வந்த ஆள் ஒருவன் கிடங்கில் சொன்னான். சேலை, தேங்காய், பழத்தோடு இருவரும் போனார்கள். பந்தலில் பாஞ்சாலியின் தமக்கை முதல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பிறந்த மூத்த பெண் ஊற்றவேண்டிய தண்ணீர் அது. மண்ணாங்கட்டி தலையைக் குனிந்துகொண்டு அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான்.

கெங்கம்மாள் பின்பக்கம் ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு. ரங்கூனுக்குப் போய்த் திரும்பாத புருஷனுக்காக வருஷா வருஷம் மாற்றிக்கொள்கிற கயிறு. சவுரிராயனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சேலையைக் கீழே வைத்துவிட்டு, நிற்கமாட்டாமல் வெளியே போய்விட்டார். அம்மணி மட்டும் உட்கார்ந்தாள்.

"அத்தே..."

"அத்தேன்னு கூப்புடாத. மண்ணாங்கட்டி ஒருத்தன்தான் என்ன அப்பிடிக் கூப்புட்டவன். எனக்கப்புறம் பொறந்த புள்ள நின்னுதுன்னு எங்கம்மா என்னத் தெய்வமா வெச்சிருந்தா. அந்தத் தம்பி மவன் இவன். மூணு புள்ள செத்து நாலாவதா பொறந்தான். குப்பையில போட்டு எடுத்து மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சது நானு. அவனுக்குக் காது குத்துனப்ப என் மடியில குந்த வெச்சேன். அவன் கல்யாணத்துல நான்தான் வெளக்கு புடிச்சேன். இன்னிக்கு அவன் பொண்டாட்டி என்னாண்ட வந்து, தவிட்டுக்கு வந்தது தண்ணி ஊத்துனா என் பொண்ணு வெளங்குமான்னு கேக்கறா. இந்தக் கொட்டாயும் ஆட்டுக்கு வேணுமாம், மாசிக்குள்ள எடம் பாத்துக்கணுமாம்."

"எங்க வூட்டுக்கு வந்துடு அத்தே. எங்கப்பா உன்ன..."

"உன் புருசன் எங்க?" கெங்கம்மாள் திடீரென்று கேட்டாள்.

அம்மணி சொன்னாள்.

"அப்ப நீயும் என்ன மாதிரிதான். பொறந்த வூடுங்கற ஒரு புடிப்புலதான் குந்திக்கினுகீற. நாளைக்கு எவளாவது உன் தெருவுல நின்னுக்கினு, நீ அந்த ஆளுக்குப் பொறந்தவ இல்லேன்னு சிரிச்சிக்கினே சொல்லிட்டுப் போனா உனக்கு எப்பிடி இருக்கும்? எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? சின்னப் புள்ளையிலேயே எவனோ சண்டையில சொன்னான். எங்கம்மாவைக் கேட்டேன். அவ என் வாயப் பொத்தினா. நானும் அதோட பொத்திக்கினேன். ஊரும் பொத்திக்கினு இருந்துது. நீ வந்து காய் ஆயற மாதிரி ஆஞ்சிட்டியே."

பந்தலில் குலவை ஒலி எழும்பியது. அம்மணி, அன்றைக்குச் சந்தோஷமாக மடியில் செடியை இழுத்துப் போட்டுக்கொண்ட தன் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் கிடங்கில் அவள் வாய் முணுமுணுப்பு நின்றுபோயிற்று. முறத்தில் பருப்பு சலசலத்தால் தவிடு நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பன் துண்டை எடுப்பார், மகள் எழுந்திருக்கமாட்டாள், துண்டு மறுபடி கொடிக்குப் போகும். மாசி பிறந்ததும் அவள் தனியாக ஒலக்கூர் போய் விருத்தாசலத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் அப்பனிடம் சொன்னாள்:

"அந்தத் தாத்தாவும் மனசு செத்துப்போயிதான் கீறாரு. நான் கேட்டதுக்கு ஒத்துக்கினாரு. முறத்துல வாங்குன புள்ள மூணாம் நாளே செத்துப்போச்சு, கெங்கா அதுக்கப்புறம் குப்பன் பொண்டாட்டி பெத்த புள்ள, மறதியில மாத்திச் சொல்லிட்டேன்னு தெருவுல சொல்றேன்னாரு. ஆனா அவர் மட்டும் சொன்னா எடுபடாது. நீயும் சொல்லணும்."

"இன்னான்னு?"

"உங்கக்கா செத்துப்போச்சுன்னு. விசாரிச்சுட்டோம், அந்தம்மா நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு."

சவுரிராயன் தலை நிமிராமலே, "எங்கம்மா ஒருதரம் உட்டுட்டு வந்துது. நானும் போயி உட்டுட்டு வரணுமா?" என்று கேட்டார்.

"நான் செஞ்ச பாவம் யப்பா. உன்ன வெச்சித் தீக்கச் சொல்றேன். எனக்கு வேற வழி தெரில."

"நீ மட்டுமா செஞ்ச? வேணாம்னு சொன்னவன் உன் பின்னாலதானே வந்தேன்."

அந்த வாரமே போனார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் தெருவே கூடிவிட்டது. விருத்தாசலம் தன் பங்கைச் சொன்னார். கண் மங்கினால் புத்தியும் மங்கும் என்று தன்னையே நாலு வசவு வைதுகொண்டார். பாஞ்சாலி ஒத்துக்கொள்ளவில்லை.

"கெழவன் பேச்ச உடுங்க. இந்த ஆளு அன்னிக்கு அக்கான்னு கால்ல உழுந்தானே, அது இன்னா? கற்பூரத்த ஏத்தி அடிச்சுச் சொல்லட்டும்."

"அவங்க வேதக்காரங்கடி" என்றாள் ஒருத்தி.

"சத்தியம் எந்தச் சாமிக்கும் சத்தியந்தான்."

யாரோ கற்பூரம் கொண்டுவந்து கல்லின் மேல் ஏற்றினார்கள். கெங்கம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சவுரிராயன் அவள் பக்கம் பார்க்கவில்லை. கழுத்தில் இருந்த சிலுவையைச் சட்டைக்குள் தள்ளினார். குனிந்து உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

"எங்கக்கா செத்துப்போச்சு. பஞ்சத்துலயே செத்துப்போச்சு. இந்தம்மா எனக்கு ஒண்ணும் ஆவாது."

கூட்டத்தில் முதலில் மூச்சு விட்டவன் மண்ணாங்கட்டிதான். இத்தனை நாளும் பெண்சாதிக்குப் பயந்து அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. "கேட்டுக்கினியாடி? எங்கத்தைய ஆட்டுக் கொட்டாயில போட்டியே, கேட்டுக்கினியா?" என்று கத்திக்கொண்டே போய்க் கெங்கம்மாள் கையைப் பிடித்தான். பாஞ்சாலி நம்பினாளோ இல்லையோ, ஊர் நம்பிவிட்டது. சத்தியத்துக்கு எதிராக அவளால் ஒன்றும் பேச முடியவில்லை. அப்பனையும் மகளையும் பார்த்து, "பேரு கேக்கறேன்னு வந்து குடும்பத்தைக் கெடுக்கறதே இவங்களுக்குப் பொயப்பு. போங்கய்யா ஜல்தியா!" என்று எவனோ விரட்டினான்.

ஏரிக்கரையோரமாக ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள். சவுரிராயன் வெந்த உள்ளங்கையை மூடிக்கொண்டிருந்தார். கேப்பைக் கொல்லையைத் தாண்டும்போது பின்னால் காலை வீசி நடக்கிற சத்தம் கேட்டது. கெங்கம்மாள் கையில் களைக்கொத்தியோடு குறுக்கு வழியில் வந்திருந்தாள். அவர்களைப் பார்க்காமல் வரப்பில் குந்திக் களை கொத்தத் தொடங்கினாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் அவர்களோடு பேசுவதாகவே தெரியாது.

"கைய ஏரித் தண்ணியில வெச்சியா?" என்றாள்.

"வெச்சேன்."

இரண்டு கொத்து கொத்தினாள். "உன்னப் பெத்தவ எப்பிடி இருப்பா?"

சவுரிராயன், "உன்ன மாதிரிதான் அக்கா" என்றார்.

களைக்கொத்தி நின்றது. "பேசுறது?"

"அதிகம் பேசாது. சோறு திங்கும்போது யாராச்சும் கூட இருக்கணும் அதுக்கு. தனியா திங்காது."

கெங்கம்மாள் தலையை ஆட்டினாள். அம்மணி பக்கம் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, இல்லையா என்று அம்மணிக்கு எப்போதும் தெளிவாகவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் திறந்தாள்.

"இன்னும் ஒண்ணும் கேக்காத பொண்ணே" என்றாள் கெங்கம்மாள். "போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. வந்தா மறுபடி ஆரம்பிச்சிடும்."

நடந்தார்கள். ஸ்டேஷனில் யாரும் இல்லை. வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருந்தார்கள். அம்மணி முந்தானையைக் கிழித்து அப்பன் கையைக் கட்டினாள். அவர் கட்டுகிறதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"கெங்கான்னு பேரு வெச்சது இவங்களா, இல்ல எங்கம்மா வெச்ச பேரையே வெச்சிக்கினாங்களா? கேக்க மறந்துட்டேன்."

அம்மணி முடிச்சை இறுக்கினாள். கொல்லை ஒன்றும் தூரமில்லை. வண்டி வர இன்னும் நேரம் இருந்தது.

"ஓடிப்போயி கேட்டுக்கினு வரட்டா?"

அவர் கரையைப் பார்த்தார்.

"வேணாம்மா" என்றார்.